இரண்டாம் ஒலியைத் தாண்டியும் நிற்காத இரைச்சல்: வல்சால்வா சைனஸ் வெடிப்பைச் சிறிய மருத்துவமனையில் அறிவது எப்படி?

கேள்வி இதுதான். இசிஜி, எக்ஸ்ரே, பெரும்பாலும் வயிற்று ஸ்கேனுக்கே பயன்படும் ஒரு அல்ட்ராசவுண்ட் கருவி ஆகியவை மட்டுமே உள்ள தொலைதூர மருத்துவமனை ஒன்றில் தனி ஆளாகப் பணியாற்றும் மருத்துவர் கேட்கிறார். பாரம் தூக்கிய நேரத்தில் நெஞ்சில் சுருக்கென்ற வலி ஏற்பட்டு, அன்றிரவே மூச்சுத்திணறலுடன் வந்த 29 வயது ஆண் ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். ரத்த அழுத்தம் 130/40, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120. மார்பில் பலமான இரைச்சல் கேட்டிருக்கிறது. ‘வால்வுக் கோளாறால் வந்த இதயச் செயலிழப்பு’ என்று எழுதி, முதலுதவி செய்து, மேல்சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே எடுத்த எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்), வல்சால்வா சைனஸில், அதாவது மகாதமனி தொடங்கும் இடத்திலுள்ள சிறு பையில், இருந்த அனியூரிசம் (சுவர் மெலிந்து உண்டான வீக்கம்) வெடித்து வலது கீழறைக்குள் திறந்திருப்பது தெரியவந்தது. “இதை நானே கண்டுபிடித்திருக்க முடியுமா? அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும்?” என்பது அவருடைய கேள்வி.

முடியும் என்பதே என் பதில். முழுப் பெயரையும் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் ‘மகாதமனியிலிருந்து இதயத்தின் வலப்பக்கத்துக்கு ரத்தம் இடைவிடாமல் கசிகிறது, இது திடீரென்று ஏற்பட்டிருக்கிறது’ என்கிற அளவுக்கு, கையும் காதும் அழுத்தமானியும் மட்டுமே கொண்டு ஒருவர் வந்து சேர முடியும். அந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால், நோயாளியை எங்கே அனுப்புவது, எந்த மருந்தைக் கொடுக்காமல் இருப்பது என்பவை பெரும்பாலும் தாமாகவே தெளிவாகிவிடும். அதற்கான வழி, டயஸ்டோல் எனப்படும் இதயம் விரியும் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று விடாமல் கேட்பதுதான். நாம் பயிற்சியின்போது சிஸ்டோலை, அதாவது இதயம் சுருங்கும் கட்டத்தை, கேட்கவே அதிகம் பழகியிருக்கிறோம். இந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுப்பதோ டயஸ்டோலில்.

முதலில் உடற்கூறு. மகாதமனி இதயத்திலிருந்து புறப்படும் இடத்தில், வால்வின் மூன்று இதழ்களுக்கும் பின்னால் மூன்று சிறிய பைகள் புடைத்திருக்கும். இத்தாலிய உடற்கூறியலாளர் அந்தோனியோ மரியா வல்சால்வாவின் (1666–1723) பெயரால் அவை அழைக்கப்படுகின்றன. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கொரோனரித் தமனிகளில் வலது தமனி ஒன்றிலிருந்தும், இடது தமனி இன்னொன்றிலிருந்தும் பிரிகின்றன. மூன்றாவதிலிருந்து எதுவும் பிரிவதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே மகாதமனிச் சுவரின் நடு அடுக்கு, வால்வின் அடி வளையத்தோடு சரியாக இணையாமல் விடுபட்டிருக்கும். தைக்காமல் விட்ட அந்த இடம் ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்காகத் தாங்கித் தாங்கி மெலிந்து, விரல் நுனிபோல் பக்கத்து அறைக்குள் நீண்டுவிடுகிறது. மார்ஃபன் போன்ற இணைப்புத்திசு நோய்களாலும், இதய உட்சுவர்த் தொற்றாலும், சிஃபிலிஸாலும், மார்பில் படும் அடியாலும் இதே இடம் பலவீனமடையலாம் என்றாலும், இளம் வயதில் நம் முன் வந்து நிற்பது பெரும்பாலும் பிறவி வகைதான்.

இது அரிதான நோய். பிரேதப் பரிசோதனைத் தொடர்களிலிருந்து மேற்கோள் காட்டப்படும் அளவு ஏறக்குறைய 0.09 சதவீதம். பெண்களைவிட ஆண்களிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகமாகவும், மேலை நாட்டினரைவிடக் கிழக்காசிய மக்களிடம் அதிகமாகவும் காணப்படுகிறது. வெடிப்பு பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் நிகழ்கிறது. வலது கொரோனரிப் பையே மிக அதிகமாகப் பாதிக்கப்படுகிறது. அடுத்தது கொரோனரி பிரியாத பை. இடது பை 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அக்கம்பக்கத்தை நினைவில் வைத்தால் போதும்: வலது பைக்கு முன்னால் அமைந்திருப்பது வலது கீழறை, கொரோனரி பிரியாத பையை ஒட்டியிருப்பது வலது மேலறை. ஆகவே வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை வலது கீழறைக்குள்ளோ வலது மேலறைக்குள்ளோதான் திறக்கின்றன. இதயத்தைச் சுற்றியுள்ள பெரிகார்டிய உறைக்குள் திறப்பது மிக அரிது; அப்படித் திறந்தால் நோயாளி நம்மிடம் வந்து சேரும் வாய்ப்பே குறைவு.

இதய அறைக்குள் வெடித்தவர்தான் உயிரோடு நடந்து வருகிறார். வெடிப்பு என்ற சொல் உடனடி மரணத்தை நினைவூட்டுவதால், நடந்து வரும் நோயாளியிடம் அந்தச் சொல்லை நாம் தேடுவதே இல்லை. உண்மையில் பலருக்குச் சுருக்கென்ற வலிகூட இருக்காது. சிறு துளை விழுந்து, வாரக்கணக்கில் படியேறும்போது மூச்சு வாங்கி, கால் வீங்கி, மெல்ல மெல்ல வருவார்கள். துளை பெரிதாக இருந்தால் மட்டுமே சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. எனவே ‘எப்போது தொடங்கியது’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘அதற்கு முந்தைய நாள் என்ன வேலை செய்ய முடிந்தது’ என்றும் கேளுங்கள். முந்தைய நாள்வரை மூட்டை சுமந்தவர் இன்று தலையணையில் சாய முடியவில்லை என்றால், நீண்டகால வால்வு நோய் என்ற விளக்கம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

இப்போது அழுத்தக் கணக்கைப் பாருங்கள். மகாதமனியின் அழுத்தம் இயல்பாக 120/80 அளவில் இருக்கிறது. வலது கீழறையிலோ 25/5 அளவுதான். இதயம் சுருங்கும்போதும் மகாதமனியே மேல், விரியும்போதும் மகாதமனியே மேல். இரண்டுக்கும் இடையே ஒரு துளை விழுந்தால், ஓட்டம் நிற்பதற்கு ஒரு கணம்கூடக் கிடைப்பதில்லை. அதனால்தான் இரைச்சல் தொடர்ச்சியாக இருக்கிறது. அதனால்தான், விரியும் கட்டத்தில் மகாதமனியிலிருந்து ரத்தம் வடிந்து டயஸ்டாலிக் அழுத்தம் (அழுத்தத்தின் கீழ் எண்) 40, 30 என்று இறங்குகிறது. வடிந்த ரத்தம் நுரையீரல் வழியாக இடது கீழறைக்கே திரும்பி வந்து அதை நிரப்புகிறது. பழக அவகாசம் கிடைக்காத இடது கீழறை இந்தச் சுமையைத் தாங்காமல் தளர்கிறது.

இதிலிருந்து படுக்கையருகே நாம் தேட வேண்டிய முரண்பாடு கிடைக்கிறது. வழக்கமான கடும் இதயச் செயலிழப்பில் கை சில்லிட்டு, நாடி நூல்போல் மெலிந்து, அழுத்தத்தின் இரு எண்களும் நெருங்கியிருக்கும். இங்கோ மூச்சுத்திணறி உட்கார்ந்திருப்பவரின் நாடி துள்ளுகிறது. அவருடைய கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, முன்கையை உங்கள் உள்ளங்கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு துடிப்பும் உள்ளிருந்து தட்டிவிட்டு உடனே சரிவதை உணரலாம். நகத்தின் நுனியை லேசாக அழுத்தினால், வெளுத்த பகுதிக்கும் சிவந்த பகுதிக்கும் இடையிலான எல்லைக்கோடு துடிப்புக்குத் துடிப்பு முன்னும் பின்னும் நகரும். 130/40 என்பது அவசரத்தில் ‘மேல் அழுத்தம் நன்றாக இருக்கிறது’ என்று கடந்துவிடக்கூடிய எண். அந்த 40-தான் நோயாளி உங்களுக்குக் கொடுத்த முதல் சான்று. தானியங்கி மானி அப்படிக் காட்டினால், கையால் ஒருமுறை, இரண்டு கைகளிலும் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்தது இரைச்சல். நிமிடத்துக்கு 120 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு அரை விநாடிதான். அந்த வேகத்தில் சிஸ்டோலும் டயஸ்டோலும் ஏறக்குறைய ஒரே நீளமாகிவிடுவதால், எது எது என்று காதால் மட்டும் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். ஸ்டெதாஸ்கோப்பை ஒரு கையால் வைத்துக்கொண்டு, மறு கையின் விரலைக் கழுத்துத் தமனியில் வைத்திருங்கள். விரலில் துடிப்பு எழும் நேரம் சிஸ்டோல். துடிப்பு அடங்கிய பிறகும் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது மட்டுமே இப்போது கேள்வி. இரண்டாம் இதய ஒலியை இரைச்சல் மூழ்கடித்து, இடைவெளியின்றி டயஸ்டோலுக்குள் நீண்டால் அது தொடர் மர்மர். சுருங்கும் கட்டத்தில் ஒன்று, சிறு இடைவெளி, பிறகு வேறு தொனியில் இன்னொன்று என்று இரண்டு துண்டுகளாகக் கேட்டால், அது கீழறைத் தடுப்புச்சுவர்த் துளையும் மகாதமனி வால்வுக் கசிவும் சேர்ந்த நிலையாக இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிடுவதுதான் மிகப் பொதுவான தவறு. எதிர்த்திசையிலும் தவறு நேரும்: முரட்டுத்தனமான இரைச்சலைக் கேட்டவுடன் ‘சிஸ்டாலிக் மர்மர்’ என்று எழுதிவிட்டு, டயஸ்டோலைக் கேட்காமலேயே ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிவிடுகிறோம்.

உள்ளங்கையை மார்பெலும்பின் கீழ்ப்பகுதியில் தட்டையாக வையுங்கள். பலருக்கு அங்கே பூனையின் முதுகைத் தொட்டதுபோன்ற நுண்ணிய அதிர்வு தென்படும். இடமும் துப்புக் கொடுக்கிறது. மார்பெலும்பின் இடது ஓரத்தில், மூன்றாவது, நான்காவது விலா இடைவெளிகளில் பலமாக, காதுக்கு மிக அருகில் ஒலிப்பதுபோல் கேட்டால் வலது கீழறையை நினையுங்கள். வலது ஓரத்தில் பலமாகி, கழுத்துச் சிரையும் நன்றாகப் புடைத்திருந்தால் வலது மேலறையை நினையுங்கள். இடது காறையெலும்புக்குக் கீழே பலமாகக் கேட்டால் அது பெரும்பாலும் பிறவியிலிருந்து மூடாத டக்டஸ் (மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் கருக்காலக் குழாய்). அது ஒரே நாளில் வருவதில்லை. கழுத்தில் கேட்கும் சிரை இரைச்சல், படுக்கவைத்தாலோ கழுத்துச் சிரையை விரலால் அழுத்தினாலோ மறைந்துவிடும். கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலும் பாலூட்டும் காலத்திலும் மார்பகத்தின்மேல் கேட்கும் இரைச்சல், ஸ்டெதாஸ்கோப்பை அழுத்தினால் அடங்கிவிடும். கொரோனரித் தமனி நேரடியாக ஓர் இதய அறைக்குள் திறக்கும் பிறவிக் கோளாறிலும் தொடர் மர்மர் கேட்கலாம். அதைப் படுக்கையருகே பிரித்தறிவது கடினம், ஆனால் அதுவும் பெரும்பாலும் ஒரே இரவில் ஒருவரை மூச்சுத்திணற வைப்பதில்லை.

கடும் ரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, தயமின் குறைபாடு ஆகியவற்றிலும் துள்ளும் நாடியும் இதயச் செயலிழப்பும் சேர்ந்தே வரும் என்பது உண்மை. அவற்றில் மார்பில் அதிர்வோடு கூடிய தொடர் மர்மர் இருக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. துளை பெரிதாகி நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டால், மகாதமனி அழுத்தமே விழுந்துவிடும்; வலது பக்க அழுத்தமோ ஏறியிருக்கும். வேறுபாடு சுருங்கியதால் இரைச்சலின் டயஸ்டாலிக் பகுதி மங்கும், நாடியும் துள்ளாது. ஆகவே தொடர் மர்மர் இருந்தால் நோயை வலுவாகச் சந்தேகிக்கலாம். இல்லை என்பதால் மட்டும் நோயை விலக்கிவிடக் கூடாது. முதலுதவியால் அழுத்தம் சற்று ஏறிய பிறகு மீண்டும் ஒருமுறை கேட்பது பயனளிக்கும்.

இசிஜியும் எக்ஸ்ரேவும் துணைச் சாட்சிகள் மட்டுமே. இசிஜியில் வேகத் துடிப்பும், கீழறைச் சுமையின் அறிகுறிகளும், சிலருக்கு வலது கிளைத் தடையும் தெரியலாம். வீக்கம் தடுப்புச்சுவருக்குள் நீண்டிருந்தால் முழு இதயத் தடைகூட வரலாம். கொரோனரித் தமனியை வீக்கம் அழுத்துவதாலும், டயஸ்டாலிக் அழுத்தம் சரிந்து கொரோனரி ஓட்டம் குறைவதாலும் இசிஜியின் எஸ்டி பகுதியில் மாற்றங்களும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் புரதத்தின் உயர்வும் ஏற்படலாம். இந்த இடத்தில்தான் நோயாளிக்குப் பெரும் தீங்கு நேர வாய்ப்புண்டு: நெஞ்சுவலி, எஸ்டி மாற்றம், ட்ரோபோனின் மூன்றும் சேர்ந்தவுடன் மாரடைப்பு என்று முடிவெடுத்து ரத்தக்கட்டு கரைக்கும் மருந்தைச் செலுத்திவிடக் கூடும். இளவயதினர், டயஸ்டாலிக் அழுத்தம் 40, புதிய பலமான இரைச்சல் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், அந்த ஊசியைக் கையிலெடுக்குமுன் நில்லுங்கள். மகாதமனிச் சுவர் கிழிந்து பிளந்திருக்கும் நிலையும் இப்படியே வரலாம். அதிலும் அந்த மருந்து உயிருக்கே ஆபத்து. முதுகுக்குப் பரவும் கிழிப்பதுபோன்ற வலி, இரு கைகளின் அழுத்தங்களுக்கிடையே பெரும் வேறுபாடு, எக்ஸ்ரேயில் அகன்ற நடுமார்பு ஆகியவை இருந்தால் சுவர்ப் பிளவை முதலில் நினைக்க வேண்டும்.

இனி, உங்களிடம் இருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி. வயிற்றுப் ப்ரோப் மட்டுமே இருந்தாலும் கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் வசதி) இருந்தால் முயற்சி செய்து பார்க்கலாம். அதன் அகன்ற முகம் விலா எலும்புகளில் முட்டி நிழல் விழச்செய்யும் என்பதால், விலாக்களுக்குக் கீழிருந்து கல்லீரல் வழியாக இதயத்தைப் பார்ப்பது எளிது. மல்லாந்து படுக்க முடியாத நோயாளிக்கு அரைச் சாய்வில் வைத்தே இதைச் செய்யலாம். கருவியில் இதயத்துக்கான அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வண்ணப் பெட்டியைச் சிறிதாக்குங்கள். வண்ண வேக அளவுகோலை உயர்த்துங்கள். வயிற்று ஸ்கேனுக்கு வைத்த குறைந்த அளவுகோலிலேயே பார்த்தால் இதயம் முழுவதும் வண்ணக் குழப்பமாகத் தெரியும், எது கசிவு என்று சொல்லவே முடியாது.

இதயத்துக்கான ப்ரோப் இருந்தால், மார்பெலும்பின் இடது ஓரத்தில் வைத்து மகாதமனி வால்வைக் குறுக்காக வெட்டும் காட்சியைத் தேடுங்கள். திரையின் நடுவே ஒரு வட்டம், அதற்குள் வால்வு மூடும்போது மூன்று கோடுகள் மையத்தில் சந்திக்கும். வட்டத்தின் மேற்பகுதி, அதாவது ப்ரோபுக்கு அருகில் இருப்பது, வலது கொரோனரிப் பை. அதன்மேல் கவிழ்ந்தாற்போல் வளைந்து செல்வது வலது கீழறையின் வெளியேறும் பாதை. கீழே, இரு மேலறைகளையும் பிரிக்கும் சுவர் வந்து ஒட்டும் இடத்தில் இருப்பது கொரோனரி பிரியாத பை. வெடித்த அனியூரிசம், விமான நிலையங்களில் காற்றின் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிப்பையைப் போல், வட்டத்தின் ஓரத்திலிருந்து பக்கத்து அறைக்குள் நீண்டு, துடிப்புக்கேற்ப ஆடிக்கொண்டிருக்கும். சில நேரங்களில் பை சரியாகத் தெரியாமல், வட்டத்தின் விளிம்பில் ஒரு முறிவு மட்டுமே தெரியலாம்.

வண்ணத்தைப் போட்டவுடன் பல நிறம் கலந்த பீய்ச்சல் ஒன்று வலது அறைக்குள் தெரிந்தால், உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். கீழறைத் தடுப்புச்சுவர்த் துளையின் பீய்ச்சலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் தெரியும். போதாக்குறைக்கு, இந்த நோயாளிகளில் 30 முதல் 60 சதவீதம் பேருக்கு அந்தத் துளையும் சேர்ந்தே இருப்பதாக அறுவைத் தொடர்கள் காட்டுகின்றன. பிரித்தறியும் வழி மீண்டும் டயஸ்டோல்தான். படத்தை உறையவைத்து, காட்சி காட்சியாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். மூன்று கோடுகளும் மையத்தில் சேர்ந்து வால்வு மூடியிருக்கும் காட்சியில் நிறுத்துங்கள். அந்தக் கணத்திலும் பீய்ச்சல் வலது அறைக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறதா? அந்த நேரத்தில் இடது கீழறையின் அழுத்தம் இறங்கியிருக்கும். அங்கிருந்து அவ்வளவு வேகமாக ரத்தத்தைத் தள்ள அதனால் முடியாது. ஆகவே பீய்ச்சலின் ஊற்று மகாதமனியாகத்தான் இருக்க வேண்டும். மகாதமனி வால்வுக் கசிவும் டயஸ்டோலில்தான் தெரியும் என்றாலும், அது இடது கீழறைக்குள் விழுகிறது, வலது அறைக்குள் அல்ல. நீளவாட்டுக் காட்சிக்கு ப்ரோபைத் திருப்பி, பீய்ச்சல் வால்வின் அடிக்கோட்டுக்கு மேலிருந்து புறப்படுகிறதா, கீழிருந்தா என்றும் பார்த்துவிட்டால் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

தொடர் அலை டாப்ளர் (ஓட்டத்தின் வேகத்தை அலையாக வரைந்து காட்டும் வசதி) இருந்தால் ஒரு சிறு கணக்கு உறுதிசெய்ய உதவும். அழுத்த வேறுபாடு என்பது வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கிய அளவு. அந்த 29 வயது நோயாளியின் மகாதமனியில் 130/40, வலது கீழறையில் 40/10 என்று வைத்துக்கொண்டால், சிஸ்டோலில் வேறுபாடு 90, வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 4.7 மீட்டர், டயஸ்டோலின் இறுதியில் வேறுபாடு 30, வேகம் ஏறக்குறைய 2.7 மீட்டர். அதாவது திரையில் அலை மேலும் கீழும் அசையுமே தவிர, அடிக்கோட்டைத் தொடவே தொடாது. தடுப்புச்சுவர்த் துளையின் அலை சிஸ்டோல் முடிந்ததும் அடிக்கோட்டுக்கு அருகில் இறங்கிவிடும்.

சிகிச்சை பற்றி, அனுப்புவதற்கு முந்தைய சில மணி நேரத்துக்கு மட்டும் சொல்கிறேன். உட்காரவைத்து, ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் கொடுத்து, சிரைவழியாக ஃபுரோசமைடு (சிறுநீரைக் கூட்டும் மருந்து) செலுத்துவது வழக்கமான தொடக்கம். சிஸ்டாலிக் அழுத்தம் தாங்குமானால், தமனிகளை விரிக்கும் மருந்தைச் சிறிய அளவில், அழுத்தத்தை அடிக்கடி அளந்துகொண்டே தரலாம். உடலின் தமனிகள் தளர்ந்தால் ரத்தம் துளையைவிட உடலை நோக்கிப் போவது எளிதாகிறது. ஆனால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் டயஸ்டாலிக் அழுத்தம் மேலும் சரிந்தால் கொரோனரி ஓட்டம் பாதிக்கப்படும் என்பதால், இதைத் தொலைபேசியில் இதயநோய் நிபுணர் ஒருவரைக் கேட்டுக்கொண்டே செய்வது நல்லது. தமனிகளை இறுக்கும் மருந்துகள் கசிவைக் கூட்டும். அழுத்தம் முற்றிலும் விழுந்து வேறு வழியில்லாதபோது மட்டுமே அவற்றை நாட வேண்டும். அழுத்தம் தாழ்ந்து உடலுக்கு ரத்தம் போதாவிட்டால் இதயச் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுட்டமின் போன்ற மருந்து பொருத்தமானது. துடிப்பு வேகமாக இருக்கிறது என்று பீட்டா பிளாக்கர் கொடுத்து அடக்க முயல வேண்டாம். அந்த வேகத்தில்தான் இதயம் உடலுக்கு வேண்டிய ரத்தத்தை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. சுவர்ப் பிளவாக இருந்தால் இதே மருந்து முதல் தேர்வாகிவிடும் என்பதால்தான் இரண்டையும் பிரித்தறிய இவ்வளவு வலியுறுத்துகிறேன். மேல்மருத்துவமனைகளில் சில நேரங்களில் பொருத்தப்படும், மகாதமனிக்குள் பலூன் ஊதும் துணைக்கருவி இங்கே கூடவே கூடாது. டயஸ்டோலில் அது அழுத்தத்தை உயர்த்துவதால் கசிவு இன்னும் பெருகும்.

காய்ச்சல் இருந்தாலோ, சில வாரங்களாக உடல் மெலிந்து வந்தாலோ, ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் தனித்தனி இடங்களிலிருந்து மூன்று முறை ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு வையுங்கள். தொற்றால் ஏற்பட்ட வெடிப்பு என்றால் அறுவையின் திட்டமே மாறிவிடும். ஒரு டோஸ் மருந்துக்குப் பிறகு எடுத்த கல்ச்சரில் கிருமி வளராமலேயே போகலாம். அதை மேல்மருத்துவமனையால் மீட்டெடுக்க முடியாது. அந்த வாய்ப்பு உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது.

அனுப்பும்போது சொல்லும் சொற்களுக்கு எடை உண்டு. ‘இதயச் செயலிழப்பு, மேல்சிகிச்சைக்கு’ என்று எழுதினால், நோயாளி முதலில் சேரும் இடத்தில் வரிசையில் நிற்க நேரலாம். ‘முந்தைய நாள்வரை நலமாக இருந்தவர், திடீர் வலிக்குப் பின் இதயச் செயலிழப்பு, அழுத்தம் 130/40, மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில் அதிர்வோடு தொடர் மர்மர், மகாதமனியிலிருந்து வலது கீழறைக்குக் கசிவு என்று சந்தேகிக்கிறேன், வல்சால்வா சைனஸ் வெடிப்பை விலக்க வேண்டும்’ என்று சொன்னால், கேட்கும் மருத்துவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். கண்டதையும் ஊகித்ததையும் பிரித்தே சொல்லுங்கள். ஊகம் தவறிப்போனால் அவமானம் ஏதுமில்லை. திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பும்போது, அசையாத படமாக இல்லாமல், மூன்று நான்கு துடிப்புகள் வரும்படி காணொளியாக, வண்ணத்தோடு ஒன்றும் வண்ணமில்லாமல் ஒன்றும் அனுப்புங்கள். நோயாளியின் பெயர் திரையில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். ஆஞ்சியோ வசதி மட்டும் உள்ள இடத்தைவிட, இதய அறுவைப் பிரிவு உள்ள இடமே பொருத்தமானது. சில மணி நேரப் பயணம் கூடினாலும் இரண்டாவது முறை இடம் மாற்றுவதைத் தவிர்க்கலாம்.

அங்கே உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவோ சிடி ஆஞ்சியோவோ துளையின் இடத்தையும் அளவையும் துல்லியமாகக் காட்டும். ஜான் தர்னம் 1840-இல் இந்த அனியூரிசங்களை விவரித்தபோது, இதை அறிய வழி பிரேதப் பரிசோதனை மட்டுமே. செயற்கை இதய நுரையீரல் இயந்திரம் வந்த பிறகு, 1950-களின் பிற்பகுதியில்தான் துளையை நேரில் திறந்து அடைக்க முடிந்தது. சகாகிபாராவும் கொன்னோவும் 1962-இல், எந்தப் பையிலிருந்து எந்த அறைக்கு என்ற அடிப்படையில் வகைப்படுத்தினர். 1994-இல் கதீட்டர் வழியாக மூடும் முறை முதன்முதலாக வெளியிடப்பட்டது. இன்று, கூடவே தடுப்புச்சுவர்த் துளையோ கடுமையான வால்வுக் கசிவோ தொற்றோ இல்லாதவர்களில் தகுந்த சிலருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாகவே அடைப்பான் வைத்து மூடுகிறார்கள், மற்றவர்களுக்கு அறுவைதான். உரிய நேரத்தில் மூடியவர்களின் எதிர்காலம் மிக நன்றாக இருக்கிறது. மூடாமல் விட்டால், மருந்தால் மூச்சு சீரானவர்கள்கூட இதயத் தளர்ச்சியாலோ தொற்றாலோ சில ஆண்டுகளுக்குள் இறக்க நேரிடுகிறது. ‘மருந்திலேயே தேறிவிட்டாரே, எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும்’ என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. அப்போது இந்த உண்மையை அவர்களிடம் உட்கார்ந்து, பொறுமையாக, தெளிவாகச் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்து அவர் உங்களிடமே திரும்பி வருவார். தொடர்ந்து பார்க்கப்போவதும் நீங்கள்தான். வந்த அன்று, முன்பு அதிர்வை உணர்ந்த அதே இடத்தில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு கழுத்துத் தமனியில் விரலை வைத்துக்கொண்டு டயஸ்டோலைக் கேளுங்கள், அழுத்தத்தையும் அளந்து பாருங்கள். அதிர்வு போய், டயஸ்டாலிக் அழுத்தம் 70-க்கு ஏறியிருந்தால் அடைப்பு நன்றாக அமைந்திருக்கிறது என்று நம்பலாம். தொடர் மர்மர் மீண்டும் கேட்டால் அடைப்பின் ஓரத்தில் கசிவு உண்டு. மென்மையான டயஸ்டாலிக் மர்மர் மட்டும் இருந்தால் வால்வு கசியத் தொடங்கியிருக்கலாம். இரண்டில் எது கேட்டாலும், நோயாளி எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும், எக்கோவுக்குத் திரும்ப அனுப்புங்கள்.